இனிப்பு யார் கணக்கில்?

இந்தியக் கரும்புக்கு இனிப்பு ஏற்றியவர் ஜானகி அம்மாள். மகளிர் தினம் நெருங்கினால் இந்த வாக்கியம் எங்கிருந்தாவது வந்து சேரும். பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கும், பள்ளிக்கூட நாடகத்தில் இருக்கும், வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படத்தோடு இருக்கும். சிலர் இன்னும் ஒரு படி போய், ஜாவாவிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த நாட்டைச் சொந்தக் காலில் நிறுத்தியவரே அவர்தான் என்று முடிப்பார்கள்.

நான் தாவரவியலின் வரலாற்றைப் படிக்கிறவள். அவர் மீது எனக்கு மதிப்பு நிறைய. அந்த மதிப்போடுதான் ஆண்டுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். கணக்கு முதல் வரியிலேயே இடித்தது.

தலசேரியில் 1897 நவம்பரில் பிறந்த ஜானகி, கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தது 1934-இல். அதற்கு முன் இரண்டாண்டு திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியர். அதற்கும் முன் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம். கோயம்புத்தூரில் உருவாகி நாடறிந்த முதல் கரும்பு கோ 205. அது உழவர் கைக்குப் போனது 1918-இல். அப்போது ஜானகி சென்னையில் மாணவி. மாநிலக் கல்லூரியில் அவர் தாவரவியல் ஆனர்ஸ் முடித்ததே 1921-இல்தான். தெற்கில் பரவி 'அதிசயக் கரும்பு' என்று பேர் வாங்கிய கோ 419-உம் 1933-ஐச் சேர்ந்தது. நாட்டின் சர்க்கரையை மாற்றிய கரும்புகள் வயலில் நின்ற பிறகுதான் அவர் கோயம்புத்தூர் ரயிலே ஏறியிருக்கிறார்.

அப்படியென்றால் அந்த வாக்கியம் எதைப் பற்றிப் பேசுகிறது? அவர் உண்மையில் என்ன செய்தார்? இரண்டையும் தேடிப் போனது வெவ்வேறு அலமாரிகளில் முடிந்தது.

முதல் கேள்விக்குக் கரும்பு நிலையத்தின் பழைய கதையே போதும். கரும்பை நாம் கரணை வைத்து நடுகிறோம். ஒரு ரகத்தின் கரணையிலிருந்து அதே ரகம்தான் வரும். புது ரகம் வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும், மகரந்தம் சேர வேண்டும், விதை முளைக்க வேண்டும். கரும்பு விதை முளைக்கும் என்பதே 1880-களின் கடைசியில், ஜாவாவிலும் பார்படோசிலும் தனித்தனியாகக் கவனித்த பிறகுதான் ஆய்வாளர்களுக்கு உறுதியானது. வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூக்காது. பூத்தாலும் விதை பிடிக்காது. கோயம்புத்தூரில் பூக்கும், விதையும் பிடிக்கும். கரும்பு விளையும் கங்கைச் சமவெளியை விட்டுவிட்டு, 1912-இல் இவ்வளவு தெற்கே வந்து நிலையம் அமைத்ததற்கு இந்தப் பூதான் காரணம். அதன் முதல் நிபுணர் சி. ஏ. பார்பர். அவருக்குத் துணையாக இருந்து பின்பு பொறுப்பேற்றவர் டி. எஸ். வெங்கட்ராமன்.

அவர்கள் செய்த கலப்பு இது. தாய், தென்னாட்டில் பயிரான 'வெள்ளை' என்னும் தடித்த இனிப்புக் கரும்பு. தந்தை, ஆற்றோரங்களில் தானாக முளைக்கும் காட்டுக்கரும்பு. சாக்கரம் ஸ்பான்டேனியம் என்பது அறிவியல் பெயர், ஊருக்கு ஊர் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். கரும்புப் பண்ணையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம், இனிப்பு ஏற்றிய கதை உண்மையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"இனிப்பு முன்னாடியே இருந்துதுங்க அம்மிணி. வடக்க போயி பனியையும் வறட்சியையும் தாங்கற தெம்புதான் இல்ல. அதுக்குத்தான் காட்டுக்கரும்பக் கொண்டாந்து சேத்துனது. அதச் சேத்தா இனிப்புக் கொறையும், ஏறாது. கொறஞ்சதத் திருப்பிக் கொண்டாரதுக்குத்தான் நாங்க படாத பாடு பட்டது."

பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று கதை உண்டு. கோயம்புத்தூரில் நடந்தது அதற்கு நேர் எதிர்த்திசை: இனித்த கரும்புக்குப் பேய்க்கரும்பின் உடம்பைக் கொடுத்தார்கள். ஆகவே அந்த வாக்கியம் ஆளில் மட்டும் தவறவில்லை, வேலையிலும் தவறிவிட்டது.

இரண்டாவது கேள்விதான் என்னை நெடுநாள் இழுத்தது. ஜானகி அம்மாளின் வாழ்க்கையை வினிதா தாமோதரன் 2013-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். சாவித்ரி ப்ரீதா நாயர் 2022-இல் பெரிய நூலாகவே கொண்டுவந்தார். வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். பின்னாளில் அவரோடு சேர்ந்து எழுதிய டார்லிங்டனின் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன; அவற்றில் ஜானகியின் கடிதங்களும் உண்டு. எனக்கு வேண்டியது கடிதம் அல்ல. அவர் அச்சில் என்ன கேட்டார், என்ன எண்ணினார், ஒரு கட்டுரையிலிருந்து அடுத்ததற்கு எப்படி நகர்ந்தார் என்பதே. அதற்குப் பழைய ஆய்விதழ்களின் தொகுதிகளும் பொறுமையும் போதும்.

போதும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அட்டவணைகள் லேசில் விடவில்லை. ஈ. கே. ஜானகி அம்மாள் என்ற பெயரை மேல்நாட்டு அட்டவணைக்காரர்கள் ஒரு சீராகக் கையாளவில்லை. ஓரிடத்தில் 'ஜா' வரிசையில் நடுவே கோடு போட்ட இரட்டைப் பெயராக இருக்கிறார். இன்னோரிடத்தில் 'அம்மாள்' குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. ஒரே ஆள் எழுதியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆட்களின் கட்டுரைகள் போல் சிதறிக் கிடக்கும். வெறும் எண்ணிக்கையை வைத்து அவர் குறைவாக எழுதினார் என்று முடிவு கட்டுகிறவர்கள் பாதி அட்டவணையைத்தான் பார்த்திருப்பார்கள்.

நான் பிடித்துக்கொண்ட கயிறு, கட்டுரையின் தலைப்புக்குக் கீழோ கடைசியிலோ வரும் முகவரி. கோயம்புத்தூர், மெர்ட்டன், விஸ்லி, பிறகு மறுபடி இந்தியா. முகவரி வாரியாக அடுக்கியபோது கரும்புக் காலம் மொத்தமே ஐந்தாறு ஆண்டுதான் என்பது கண்ணில் பட்டது. அந்த ஐந்தாறு ஆண்டிலும் நான் திரட்டிய தலைப்புகளில் சர்க்கரை அளவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாம் குரோமோசோம்.

1936-இல் நேச்சரில் கரும்பு இனங்களின் குரோமோசோம் எண்ணிக்கை பற்றி ஒரு குறிப்பு. அதே ஆண்டு வேளாண் ஆய்விதழில் இந்தியக் காட்டுக்கரும்பு வகைகளின் குரோமோசோம்கள். வேர் நுனியை வெட்டி, மருந்தில் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் தெரியும் துகள்களைக் கையால் வரைந்து எண்ண வேண்டிய காலம் அது. சோளத்தில் இருபது எண்ணுவது எளிது. கரும்பில் எண்பது, நூறு என்று நெருக்கியடித்துக் கிடக்கும். காட்டுக்கரும்பு என்று ஒரே பெயரில் சொல்லப்பட்ட செடிகள் ஊருக்கு ஊர் வெவ்வேறு எண்ணிக்கை கொண்டிருப்பதை அவர் காட்டினார். கோயம்புத்தூர்ச் செடிக்கு 64.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கோ 205-ஐப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெள்ளைக் கரும்புக்கு 80. தாயிடமிருந்து பாதி 40, தந்தையிடமிருந்து பாதி 32, பிள்ளைக்கு 72 வர வேண்டும். கோ 205-இல் இருப்பது 112. தாய் தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டாள். தந்தைதான் பாதி கொடுத்தான். இப்படி நடப்பதை ஜாவாவில் டச்சு ஆய்வாளர் பிரெமர் 1920-களிலேயே கவனித்திருந்தார். இனிப்புத் தாயின் பங்கு முழுசாக இறங்குவதால்தான், காட்டுக் கரும்பைக் கலந்த பிறகும் ஓரிரு தலைமுறையில் இனிப்பை மீட்க முடிகிறது. வெங்கட்ராமனின் கரும்பு ஏன் இனித்தது என்பதற்கான விளக்கம் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளில்தான் இருந்தது; அந்த எண்ணிக்கை வேலையில் ஜானகிக்குப் பங்குண்டு. வாக்கியத்தில் ஒட்டியிருக்கும் உண்மைத் துளி இவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

அவர் மனசு இருந்த இடம் வேறு. கரும்புக்கும் வேறு பேரினப் புற்களுக்கும் கலப்பு நடக்குமா, நடந்தால் பிறக்கும் செடியின் குரோமோசோம்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளுமா? கரும்பையும் சோளத்தையும் சேர்க்கும் முயற்சி அவருக்கு முன்பே அங்கே தொடங்கியிருந்தது. பெரியமஞ்சள் என்ற நம்மூர்ச் சோளத்தை 1930 வாக்கிலேயே கரும்போடு சேர்த்தார்கள். சீக்கிரம் முற்றும் கரும்பு கிடைக்குமா என்ற ஆசை. ஜானகி அந்தக் கலப்பை நுண்ணோக்கிக்குக் கீழே கொண்டுவந்தார். பிறகு எல்லையைத் தள்ளிக்கொண்டே போனார். எரியாந்தஸ் என்ற நெடும்புல். இம்பெரட்டா, அதாவது சடங்குக்குத் தர்ப்பை என்று கொடுப்பதில் ஒரு வகை. நரெங்கா. மூங்கில் கலப்புகளின் குரோமோசோம் எண்ணிக்கையும் கரும்பு, மக்காச்சோளக் கலப்பும் 1938-இல் ஒன்றன்பின் ஒன்றாக நேச்சரில் வந்தன. மக்காச்சோளம் மெக்சிகோவில் பழகிய பயிர், கரும்பு பழகியது நியூ கினியில். அவற்றின் பிள்ளை ஆலைக்கு எந்த விதத்திலும் பயன்படாது. ஆலைக்காகச் செய்ததும் அல்ல அது. இரண்டு பேரினங்களுக்கு இடையில் இருப்பதாக நாம் போட்டுவைத்த வேலி எவ்வளவு உயரம் என்று தாண்டிப் பார்க்கிற வேலை.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. போர் மூளும் செய்தியில் பிரதிநிதிகள் அவசரமாகக் கலைந்தார்கள். ஜானகி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் முகவரி லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம். கோயம்புத்தூரில் செய்த பேரினக் கலப்புகளின் முழு அறிக்கை 1941-இல் ஜர்னல் ஆஃப் ஜெனடிக்சில் முப்பது பக்கங்களுக்கு மேல் வந்தபோது அவர் இருந்தது குண்டு விழும் ஊரில். அதே ஆண்டு ஆனல்ஸ் ஆஃப் பாட்டனியில் இன்னொன்று: ஆண்மலடான கரும்பில் மகரந்தம் உருவாகும் பிளவு எப்படி நிலைகுலைகிறது என்பது. கரும்போடு அவருக்கிருந்த கணக்கு ஏறக்குறைய இத்துடன் முடிகிறது. இனிப்பு என்று தேடி வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடுவார்கள். அடுத்து வருவதுதான் சுவையான பகுதி.

1940-இல் நேச்சரில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. சோளத்தின் காட்டு உறவினமான சோர்கம் பர்ப்யூரியோசெரிசியம் பற்றியது. செடியின் வேரை எடுத்து எண்ணினால் குரோமோசோம்கள் வழக்கமான எண்ணிக்கை. பூவில், மகரந்தம் உருவாகும் அணுக்களில் எண்ணினால் கூடுதலாகச் சில. ஒரே செடி, ஒரே விதையிலிருந்து வந்தது. உடம்பு வளரும்போது அந்தக் கூடுதல் குரோமோசோம்கள் கழித்துக் கட்டப்படுகின்றன. அடுத்த தலைமுறைக்குப் போகும் பாதையில் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. செடிக்கு அவற்றால் என்ன ஆதாயம் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. தங்களைக் கடத்திக்கொள்வதில் மட்டும் அவை கெட்டிக்காரர்கள். அடுத்த ஆண்டே டார்லிங்டனும் தாமசும் இதைத் தொடர்ந்து, அந்தக் குரோமோசோம்கள் மகரந்தத் துகளுக்குள் தேவையில்லாத பிளவுகளைக் கிளப்புவதைக் காட்டினார்கள். பி-குரோமோசோம் என்று இன்றைக்கும் இவற்றின் மேல் ஆய்வுக்கூடங்களில் வேலை நடக்கிறது. இந்தக் குறிப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட அறிமுகங்களில் ஒன்றிலும் நான் ஒரு வரி பார்க்கவில்லை.

நிகாண்ட்ராவுக்கு வருகிறேன். இதைக் கண்டபோதுதான் என் தேடலுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது.

மிச்சிகனில் அவர் பார்பர் உதவித்தொகையில் படித்தார். ஆசிய நாட்டுப் பெண்கள் அங்கே வந்து படிப்பதற்கென்றே ஏற்படுத்திய தொகை அது. ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட் என்ற தாவரவியலாளரிடம் ஆய்வு செய்து 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள், நிகாண்ட்ரா பைசலோட்ஸ் என்ற பெரு நாட்டுச் செடியின் குரோமோசோம்கள். கத்தரிக் குடும்பம். நீலப் பூ, காகிதம் போன்ற புல்லிவட்டத்துக்குள் காய். காசு பார்க்க உதவாத செடி. அந்த ஆய்வு 1932-இல் லா செல்லூல் என்ற பெல்ஜிய இதழில் அச்சானது. அதன் பின் திருவனந்தபுரம் வருகிறார், கத்தரியின் பன்மடியம் (குரோமோசோம் தொகுதி பல மடங்காவது) பற்றி ஒரு கட்டுரை, கோயம்புத்தூர், கரும்பு. நிகாண்ட்ரா மறைந்துவிடுகிறது. மாணவப் பருவத்து வேலை என்று நானும் அதை ஓரமாகக் குறித்துவைத்திருந்தேன்.

1945-இன் ஆனல்ஸ் ஆஃப் பாட்டனியில் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து எழுதிய கட்டுரை: நிகாண்ட்ராவின் தகவமைப்புள்ள ஐசோகுரோமோசோம்கள். ஒரு குரோமோசோமுக்கு நடுவில் ஒரு கணு, இருபுறமும் இரண்டு கை. சாதாரணமாக இரு கைகளிலும் வேறு வேறு மரபணுக்கள். ஐசோகுரோமோசோமில் இரண்டு கையும் ஒன்றே, கண்ணாடியில் பார்த்த மாதிரி. நிகாண்ட்ராவில் ஒன்பது இணை சாதாரணக் குரோமோசோம்கள், பத்தாவது இணை இந்த ஐசோ வகை, மொத்தம் இருபது. தன்னுடைய ஒரு கையோடு மறு கையை இணைத்துக்கொள்ளத் தெரிந்த குரோமோசோம் இனப்பெருக்கப் பிளவில் துணையைத் தேடாமல் தனியே அலையும், சில நேரம் தொலைந்தும் போகும். அப்போது பத்தொன்பது குரோமோசோம் கொண்ட விதையும் விழும்.

தொலைந்தால் நட்டம் என்றுதானே நினைப்போம்? இருபது கொண்ட விதைகள் மழை கண்டதும் முளைக்கின்றன. பத்தொன்பது கொண்டவை மண்ணில் கிடக்கின்றன. வெகு காலம் கழித்து முளைக்கின்றன. ஒரே காயின் விதைகளில் ஒரு பங்கு இந்தப் பருவத்துக்கு, ஒரு பங்கு வரப்போகும் ஏதோ ஒரு பருவத்துக்கு. முளைத்ததெல்லாம் வறட்சியில் கருகினாலும் செடி அற்றுப்போகாது. விதைநெல்லில் ஒரு பிடியைக் குதிரிலேயே விட்டுவைக்கும் வீட்டுக்காரியின் கணக்கு இது. ஆனால் கணக்குப் போட ஆள் இல்லை: பிளவில் நேரும் ஒரு தடுமாற்றம் நிலைபெற்று இனத்துக்கே காப்பீடாகிவிட்டது. இனப்பெருக்கத்தில் நேரும் பிசகு பரிணாமத்துக்குக் கருவி ஆவதை எண்ணிக் காட்டக்கூடிய ஒரு செடியில் பிடித்திருக்கிறார்கள்.

1932-க்கும் 1945-க்கும் இடையே அந்தச் செடி மறைந்திருந்தது என் பட்டியலில்தான், அவருக்குள் இல்லை. இதன் பிறகு பழைய கட்டுரைகளைத் திரும்பப் படித்தேன். ஆண்மலட்டுக் கரும்பும் காட்டுச்சோளமும் மக்காச்சோளக் கலப்பும் ஒரே கேள்வியின் கிளைகளாகத் தெரிந்தன. பூவுக்குள் குரோமோசோம்கள் பிரியும்போது ஏதோ ஒன்று பிசகுகிறது; அந்தப் பிசகு செடியை அழிக்கிறதா, புது இனத்தை உண்டாக்குகிறதா?

அதே 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்தான் அவர் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன நூல். ஏறத்தாழ 10,000 தாவரங்களின் எண்ணிக்கை, குடும்பவாரியாக. தொலைபேசிப் புத்தகம் மாதிரி வறண்ட நூல் என்று நான் சொல்லலாம், பயிர்ப்பெருக்கம் செய்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். எந்தச் செடியை எதோடு சேர்க்கலாம் என்று யோசிப்பவர் முதலில் திறக்கிற நூல் அது. பத்தாண்டு கழித்து, 1955-இல், பூக்கும் தாவரங்கள் அனைத்தையும் உள்ளடக்கி விரிவான பதிப்பு வந்தது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர்கள் இருவர்: டார்லிங்டன், வைலி. ஜானகி அப்போது இந்தியாவுக்குத் திரும்பி நான்கு ஆண்டு ஆகியிருந்தது. புதுப் பதிப்பின் உழைப்பு வேறு கைகளுடையது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாணவர்கள் எடுத்துப் படிப்பதும் மேற்கோள் காட்டுவதும் இரண்டாம் பதிப்பை. ஒரு பெயர் மங்குவதற்குச் சதியெதுவும் தேவையில்லை, புதிய பதிப்பு ஒன்று போதும்.

போர் முடிந்ததும் முகவரி மாறுகிறது: சர்ரேயில் விஸ்லி, ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். கோல்ச்சிசின் என்ற மருந்து குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் என்பது 1937 முதல் தெரிந்திருந்தது. அவர் அதை மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் இட்டார். அந்த நாற்றுகள் விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் மரங்களாகி நின்றன. அவற்றில் வந்த வெள்ளைப் பூ வகையொன்று மக்னோலியா கோபஸ் ஜானகி அம்மாள் என்று அவர் பெயரையே தாங்குகிறது. இணையக் கட்டுரைகள் இந்த மரத்தோடு நின்றுவிடும், படம் அழகாக இருக்கிறதல்லவா. மரத்துக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. மக்னோலியா மிகப் பழைய மரபு. நம் செண்பகமும் அந்தக் குடும்பம். கோபசுக்கு 38 குரோமோசோம், இமயத்து கேம்ப்பெல்லிக்கு 114, அமெரிக்கத் தெற்கின் கிராண்டிஃப்ளோராவுக்கும் 114. சரியாக மூன்று மடங்கு. எந்த மலையில் எந்த எண்ணிக்கை என்று பார்த்தால் அந்தக் குடும்பம் உலகில் பரவிய வழி புலப்படும் என்பது அவர் நம்பிக்கை. மக்னோலியாக்களின் இன வரலாறு என்ற தலைப்பில் 1950-களின் தொடக்கத்தில் இந்திய மரபியல் இதழில் அதை எழுதினார்.

ரோடோடென்ட்ரான் இன்னும் துலக்கம். கொடைக்கானல் பக்கம் காட்டுப்பூவரசு என்பார்களே, அந்தச் சிவப்புப் பூ மரத்தின் பேரினம். ஏனாக், பிரிட்ஜ்வாட்டர் என்ற இருவரோடு சேர்ந்து 1950-இல் ரோடோடென்ட்ரான் ஆண்டு மலரில் அவர் வெளியிட்ட பட்டியல், இமயத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் தாவர வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து ஆங்கிலத் தோட்டங்களில் வளர்த்த இனங்களின் குரோமோசோம் கணக்கு. அடிப்படை எண் 13, இருமடியச் செடிகளில் 26. அதன் மடங்குகள் சில இனங்களில். ஈரமும் குளிரும் சேர்ந்த கிழக்கு இமயத்தில் பன்மடியங்கள் மிகுதி, குளிர்ந்தாலும் வறண்ட வடமேற்கில் குறைவு என்ற முடிவுக்கு அவர் இத்தகைய கணக்குகளிலிருந்து வந்தார். சீனத்துச் செடிகளும் மலேயாச் செடிகளும் இந்தியச் செடிகளும் சந்தித்துக் கலக்கும் இடம் வடகிழக்கு. அங்கே புது இனங்கள் வேகமாகப் பிறக்கின்றன என்பது அவருடைய விளக்கம். கோயம்புத்தூர் மேசையில் மனிதக் கையால் செய்துபார்த்த பேரினக் கலப்பை, அவர் இப்போது ஒரு மலைத்தொடர் தானே செய்துகொண்டிருப்பதாகப் படிக்கிறார்.

1951-இல் நேருவின் அழைப்பில் திரும்பினார். அதற்குப் பிறகு ஆவணத் தடம் கோப்புகளுக்குள் போய்விடுகிறது. 1954 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் தனி அலுவலர். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடம். 1955-இல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்று அறிஞர்கள் கூடிப் பேசிய புகழ்பெற்ற கருத்தரங்கில் பங்கேற்ற ஒரே பெண் அவர். இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றிப் பேசினார். ஜம்முவில் வட்டார ஆய்வுக்கூடம், சில காலம் டிராம்பே. நிர்வாகம் அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றது என்பது என் எண்ணம். விஸ்லியில் ஓராண்டில் வெளியான அளவுக்கு இந்தக் காலத்தின் பல ஆண்டுகளில் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு ஆண்டுத் தகராறும் கிடைத்தது. பத்மஸ்ரீ 1957-இல் என்று பலரும் எழுதுகிறார்கள். விருது 1977-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. 1957 என்பது இந்தியத் தேசிய அறிவியல் நிறுவனத்தில் அவர் உறுப்பினரான ஆண்டு. யாரோ இரண்டையும் ஒன்றாக்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இருபதாண்டு முந்தி விருது கொடுத்துவிட்டால் நாடு அவரை உரிய காலத்தில் மதித்தது போல ஆகிவிடும். இனிப்பு வாக்கியத்தைப் போலவே இதுவும் நம் வசதிக்கு நன்றாகப் பொருந்தும் தவறு.

கடைசி முகவரி மதுரவாயல். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் வயல் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. இன்று புறவழிச்சாலையும் மேம்பாலமுமாக இருக்கிற மதுரவாயல்தான். 1970-இல் அங்கே வந்து மூலிகைத் தோட்டம் வளர்த்தார். எண்ணிக்கை வேலையையும் விடவில்லை. எண்பதை ஒட்டிய வயதில் கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழையை மறித்து அணை கட்டும் திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் பலர், எதிர்த்த விதங்கள் பல. ஜானகி அம்மாள், தண்ணீர் ஏறுவதற்கு முன் அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். அதைத் துணிச்சலான காரியம் என்று தாமே கடிதத்தில் எழுதினார். மிச்சிகனில் பெரு நாட்டுச் செடியின் வேர் நுனியில் தொடங்கிய அதே வேலைதான், இந்த முறை ஒரு காடு முழுவதற்கும். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். அணைத் திட்டம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. அந்த நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது.